நீலம் என்று எழுதிய கொப்பி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னியின் வெஸ்ட்மீட்டில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மூன்று மாடிச் செங்கல் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். பெரிய ஆஸ்பத்திரியை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். யன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் வெக்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் பொறியியலாளர். நான் வேறோர் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன்.

எதிர்வீட்டில் பிலிப்பீன்ஸிலிருந்து வந்த ஒரு தாதி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், கலியாணமாகாதவள். வேலை என் ஆஸ்பத்திரியிலேயே, ஆண்கள் வார்டில். காலையில் இருவரும் ஒரே ரயிலில் போவோம். என்னை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்கள் மொழியில் அதற்கு அக்கா என்று பொருளாம். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். மனிதர்கள் பேசுவதை வேறு விதமாக எழுத எனக்கு வராது.

அவள் வீட்டில் தொலைபேசி இல்லை. மெல்பேர்ணில் கார்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த அவளுடைய அண்ணன் ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்கு அழைப்பார். தேவாலயத்திலிருந்து வந்த உடுப்போடு அவள் எங்கள் வரவேற்பறைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து பேசுவாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் நாலைந்து பிலிப்பீன்ஸ் குடும்பங்கள் கூடும். எங்களையும் கூப்பிடாமல் விடமாட்டாள். நீரிழிவைப் பற்றி அவர்கள் பேசிக் கேட்டது அந்த மேசையில்தான். அவர்கள் அதை மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களைவிட அதிகமாகவே பேசினார்கள். ‘அசூக்கால்’ என்பார்கள், சீனி என்று அர்த்தம். எனக்கும் அசூக்கால், என் அக்காவுக்கும் அசூக்கால், எங்கள் பரம்பரையே இனிப்பு என்று சிரிப்பார்கள். ஒருவர் சோடா குடிப்பதை நிறுத்திவிட்டாராம், அதனால் இனிப்பு இரண்டு துண்டு சாப்பிடலாமாம். இன்னொருவர் பாகற்காய் அவித்த தண்ணீர் போதும் என்பார். ஊசி போடத் தொடங்கிய ஒரு மாமாவுக்குக் காலே போய்விட்டது என்று வேறொரு பெண் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். யாருக்கு இருக்கிறது என்பதோடு பேச்சு நின்றுவிடும். இருக்கிறவர் என்ன செய்கிறார் என்ற இடத்துக்கு வருமுன் யாராவது தட்டை நீட்டிவிடுவார்கள். பசையரிசியைத் தேங்காய்ப் பாலும் கறுப்புச் சீனியும் விட்டுக் கிண்டி, வாழையிலை கிடைக்காததால் ஈயத்தாளில் பரப்பி வைத்திருப்பார்கள். இன்றைக்கு ஒரு நாள்தானே என்பார்கள். அந்த ஒரு நாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் இரத்தத்தில் சீனி அளந்து எழுதுகிறவள் நான். அந்த மேசையில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஒரு தடவை அந்த மாமாவுக்கு ஊசியை எந்தக் கட்டத்தில் தொடங்கினார்கள் என்று கேட்டேன். யாரோ இனிப்புத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். என் கணவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார்.

அடுத்த வருடம் என் எதிர்வீட்டுத் தோழியின் தாய் வந்து சேர்ந்தார். அறுபது வயதிருக்கும், சின்ன உருவம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். இங்கிலிஷ் என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். நான் அவரை அன்ரி என்றேன். வந்த முதல் கிழமையிலேயே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீருக்கு முன் இரண்டு கிளாஸ் தண்ணீர் கேட்பார். அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் எழுந்து போவார். கால் விரல்களில் பஞ்சு சுற்றியிருப்பது போலத் தெரியுது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தோழியிடம் கேட்டேன். “கொஞ்சம் இருக்கு, ஆத்தே. மாத்திரை குடிக்கிறா. களைப்புத்தான் கூட,” என்றாள்.

ஒரு தாதி என்னிடம் அப்படிச் சொன்னாள். வார்டில் பத்து நோயாளிகளுக்கு இன்சுலின் ஏற்றிவிட்டு வந்து, வீட்டில் களைப்பு என்றாள்.

அவளை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்று அப்போதே யோசித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் என் ஐயாவுக்கும் அதே சீனி வருத்தம்தான். எவ்வளவு இருக்கிறது, என்ன மருந்து என்று கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் அம்மா ஒரே பதில் போட்டிருந்தார்: ஐயா நல்ல சுகம், நீ உன் உடம்பைப் பார். எதிர்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த எரிச்சலையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனேன் என்று நினைக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. தோழிக்குப் பின்னேர வேலை. தாயின் சிறுநீரைச் சோதித்து, அதற்கென்று வைத்திருந்த கொப்பியில் எழுதிவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் இரத்தம் பார்க்கும் வசதி அப்போது எங்களைப் போன்றவர்களிடம் இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் ஐந்து துளி சிறுநீர், பத்துத் துளி தண்ணீர், ஒரு மாத்திரை. அது தானாகவே கொதித்து நிறம் மாறும். நீலம் என்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் என்றால் அதற்கு மேல் அளக்க அந்தக் குழாயால் முடியாது.

குழாய் நீலத்தைக் காட்டவே இல்லை. கொதித்த வேகத்தில் செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது. அன்ரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளைத் தட்டிவிட்டுக் குசினிக்குள் போனார்.

கொப்பியைத் திறந்தேன். மூன்று மாதத்துக்கு முந்திய திகதியிலிருந்து தோழியின் அழகான கையெழுத்தில் நீலம், நீலம், நீலம். நடுவில் நம்பும்படியாக இரண்டு பச்சை. நான் அன்றைய திகதியைப் போட்டுச் செங்கல் நிறம் என்று எழுதினேன். மறுநாள் ரயிலில் கேட்டேன். மாத்திரை பழசாகியிருக்கும் என்றாள். புதுப் போத்தல், நானே மூடியை உடைத்தேன் என்றேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி உண்மையைச் சொன்னாள். தாய் வந்திருப்பது விருந்தாளி விசாவில். நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கிற பத்திரங்கள் அண்ணனிடம் இருக்கின்றன. வைத்தியப் பரிசோதனை இருக்கும், ஆகவே ஆறு மாதம் பெரும்பாலும் நீலம் வந்தால்தான் அனுப்புவேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் கதிரையில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டுவது இந்தக் கொப்பியைத்தான்.

“ஆஸ்பத்திரியிலை பேர் பதிஞ்சா முடிஞ்சுது, ஆத்தே. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லினம்.”

யாராவது போய்க் கேட்டார்களா என்று கேட்டேன். கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்றாள். நிலையம் வந்தது, இறங்கி நடந்தோம். அடுத்த தடவை கொப்பியைப் பார்த்தபோது நான் எழுதிய வரியின் மேல் பச்சை என்று எழுதியிருந்தது.

யூலை மாதம் குளிர் கடுமையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவர்களுடைய பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தோழி வேலைக்குப் போயிருந்தாள். கதவு பூட்டவில்லை. உள்ளே வா என்று அன்ரியின் குரல் கேட்டது. அவர் ரெலிவிஷனுக்கு முன்னால், கம்பி சிவக்கிற மின்சார ஹீட்டரை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ கருகுகிற மணம் வந்தது. நான் கேட்குமுன் அதைப் பற்றிக் கேட்டது அவர்தான்.

“உங்கடை வீட்டிலை ஏதும் அடுப்பிலை விட்டிட்டு வந்தனீரோ?”

அவருடைய வலது காலின் கம்பளிக் காலுறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் கதிரையோடு அவரைப் பின்னால் இழுத்தேன். காலுறையைக் கழற்றியபோது சின்ன விரலும் பக்கத்து விரலும் வெள்ளையாகி, தோல் பொங்கி இருந்தது. அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். நோகவில்லை என்றார். நோகாததுதான் பயம் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மகளிடம் சொல்ல வேண்டாம், சுடுதண்ணீர் பட்டது என்று தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

நான் சொன்னேன். அன்று இரவு தோழி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு போ என்றேன். அவள் காயத்தைப் பார்த்துவிட்டு, நானே கட்டுவேன் என்றாள். உண்மையில் நன்றாகத்தான் கட்டினாள். வார்டில் செய்வதைவிடக் கவனமாக, நாளுக்கு இரண்டு தரம். ஆனால் சீனி அப்படியே இருக்கிற உடம்பில் காயம் எப்படி ஆறும்? ஒரு கிழமை கழித்துக் கேட்டேன். ஆறுது என்றாள். இரண்டாம் கிழமை கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் என்றாள். மூன்றாம் கிழமை படியேறி வரும்போது அவர்கள் கதவடியில் வந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். மறுபடி கேட்டேன். அண்ணாவின்ரை ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கு என்றாள்.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி என் கணவரின் பொறுமையும் போய்விட்டது. அது அவர்களுடைய குடும்பம் என்பார். அவள் தாதி, உமக்குத் தெரிஞ்சது அவளுக்கும் தெரியும் என்பார். அவளுக்குத் தெரியும் என்பதுதானே எனக்கு ஆத்திரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஏதோ விசேஷம். அவர்கள் வரப் பிந்திவிட்டது. வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, பிறகு எடுக்கிறேன் என்றார் அண்ணன். வைக்கப் போகிறவர், மரியாதைக்குக் கேட்பது போல, “அம்மா எப்பிடி இருக்கிறா? எல்லாம் நீலம் எண்டு தங்கச்சி சொல்லுறாள்,” என்றார்.

என் கணவர் பத்திரிகைக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

நான் சொல்லிவிட்டேன். கொப்பியில் இருப்பது பொய் என்றும், காலுறை எரிந்ததும் அவருக்குத் தெரியவில்லை என்றும், காயம் இப்போது மணக்கிறது என்றும் சொன்னேன். அவர் வீட்டு ரெலிவிஷனில் யாரோ சிரிப்பது மட்டும் கேட்டது. பிறகு இரண்டே கேள்வி கேட்டார். எந்தக் கால்? எத்தனை நாள்? வலது கால், இருபத்திரண்டு நாள் என்றேன். நன்றி மேடம் என்று வைத்துவிட்டார்.

“இனி அந்த வீட்டுப் படி மிதிக்கேலாது, தெரியுமோ?” என்றார் என் கணவர்.

“தெரியும்,” என்றேன்.

அண்ணன் காரை எடுத்துக்கொண்டு மறுநாளே வந்துவிட்டார். அன்றே தாயைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை அவர் தோழியை முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னாராம், நீயும் ஒரு தாதியா என்றும் கேட்டாராம். அவள் அதே கட்டடத்தில் அடுத்த நாளும் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்கு வர வேண்டியவள்.

டாக்டர் அப்படிக் கேட்ட அன்று மாலை அவள் என் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

“நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான்.”

“இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்,” என்றாள். திரும்பிப் போய்விட்டாள். ஆத்தே என்று சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு ரயில் முன்னதாகவே போகத் தொடங்கினாள்.

அன்ரியை வார்டில் பார்க்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டினார். கொஞ்ச நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். உப்பில்லை, சோறு இல்லை, எல்லாவற்றுக்கும் உருளைக்கிழங்கு. பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

“ஒவ்வொரு நாளும் அந்தக் குழாயைப் பாத்தனான். எனக்குக் கண் தெரியும்.”

“பிறகேன் பேசாமலிருந்தனீங்கள்?”

“அவள் நீலம் எண்டு எழுதேக்கை என்ரை பக்கம் திரும்பமாட்டாள். எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரிஞ்சால், அவளாலை எழுதேலாமல் போயிடும். நான் திரும்பிப் போகவேண்டி வரும். நான் அவளுக்காகப் பேசாமல் இருந்தன். அவள் எனக்காகப் பொய் எழுதினாள். நீர் வந்து எங்கள் இரண்டு பேரையும் வெட்கப்படுத்திப்போட்டீர்.”

மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் நான் செய்தது தவறு என்றாகிவிடும், அது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஊசி போடச் சொல்கிறார்கள், நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், ஊசி போடத் தொடங்கித்தான் என் தமையனுக்குக் கால் போனது என்றார் அன்ரி. அந்த மாமா, மேசையில் பேசப்பட்டவர், இவருடைய சொந்தத் தமையன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊசி காலை எடுக்கவில்லை, காலை எடுக்கிற நிலைமை வந்த பிறகுதான் ஊசியைத் தொடங்கியிருப்பார்கள் என்று சொன்னேன். படிப்பித்தவர் அல்லவா, நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். எந்த வருடம் கால் எடுத்தார்கள், எந்த வருடம் ஊசி என்று தனக்குள் கணக்குப் பார்த்தார். அப்படித்தான் இருக்க வேணும் என்றார். அவ்வளவுதான். இருபது வருடமாக ஒரு குடும்பம் முழுக்க நம்பி வந்த ஒன்றைத் திருத்தப் பதினைந்து நிமிடம் போதுமாக இருந்தது. யாரும் அதை அந்த வரிசையில் கேட்டிருக்கவில்லை.

விண்ணப்பம் போனது. பரிசோதனைக்கும் அழைத்தார்கள். நீரிழிவு இருக்கிறதா என்று கேட்டார்களாம். இருக்கிறது, ஊசி போடுகிறேன், இரண்டு விரல் இல்லை என்று அன்ரி சொன்னாராம். அந்த டாக்டர் எழுதிக்கொண்டு, சப்பாத்தில்லாமல் நடக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். சில மாதங்களில் அனுமதி வந்துவிட்டது. இதை என் கணவர், தாயைக் கூட்டிப்போக வந்திருந்த அண்ணனை மாடிப்படியில் சந்தித்தபோது கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். நான் குசினியில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக எல்லோரும் சொல்லினம், எல்லோரும் சொல்லினம் என்று அவள் பயந்தது இதற்கா என்று எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி அது. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்ரி மகனோடு மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். தோழி தனியாக இருந்தாள். ஏறக்குறைய ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் கதவைத் தட்டி, ரெலிபோன் எடுக்கலாமோ என்று கேட்டாள். ஓம் என்றேன். பழைய கதிரையில் உட்கார்ந்து தாயோடு பேசினாள். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கிழமை முதல் மறுபடியும் ஒரே ரயில். அவளுக்கு அந்த மூன்று கிழமைகளைப் பற்றி என்னிடம் பேச வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நான் இரண்டு தரம் தொடங்கிப் பார்த்தேன். குளிர் எப்போது குறையும் என்றாள்.

அந்தப் பத்தாண்டு முடிகிற தறுவாயில் என் கணவருக்கு மெல்பேர்ணில் வேலை விஷயமாக ஒரு கிழமை இருந்தது, நானும் கூடப் போனேன். அண்ணன் மல்கிரேவில் வீடு வாங்கியிருந்தார். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். மேசை நிறையச் சாப்பாடு. நாங்கள் உட்கார்ந்ததும் அன்ரி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடி ஊசியை எடுத்து, மருந்தை ஏற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, சட்டையை ஒரு மூலையில் உயர்த்தி வயிற்றில் குத்திக்கொண்டார். மருமகள் எழுந்து குசினிக்குப் போனாள். அண்ணன் எழுந்து போய் ரெலிவிஷனின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அன்ரி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியை மூடிவிட்டு, சாப்பிடுங்கோ என்றார்.

அண்ணன் நன்றாகப் பெருத்திருந்தார். சாப்பாட்டுக்கிடையில் மூன்று தரம் தண்ணீர்க் கூசாவை இழுத்தார். கடைசியில் கேட்டேவிட்டேன், உங்களுக்கு இரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா என்று. என் கணவர் தட்டைப் பார்த்தார். அண்ணன் சிரித்து, வேலை கொஞ்சம் கூட, அடுத்த மாதம் போக இருக்கிறேன் என்றார். இந்த மாதம் போங்கோ என்றேன். இனிப்பு எடுங்கோ மேடம் என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

“நான் சொல்லிக் களைச்சுப் போனன்,” என்றார் அன்ரி, யாரையும் பார்க்காமல்.

சிட்னிக்குத் திரும்பியதும் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தாகம், எடை, எந்தப் பரிசோதனை, காலையில் வெறுவயிற்றில் போக வேண்டும், எல்லாவற்றையும் தெளிவாக, ஒரு பக்கத்துக்குள். மூன்று கிழமையில் பதில் வந்தது. தம்பதியாக வந்ததற்கு நன்றி, எல்லோரும் நலம், அடுத்த தடவை நாலு நாளாவது தங்குகிற மாதிரி வாருங்கள் என்று எழுதியிருந்தார்.